குறைந்த செலவில் ரயிலேறி ஜப்பான் நகரங்களைச் சுற்ற: முழுமையான வழிகாட்டி

ஜப்பான் பயணத்தில் செலவைப் பெரிதும் ஏற்றி இறக்குவது சாப்பாடும் அல்ல, தங்குமிடமும் அல்ல. ஊர் விட்டு ஊர் போகும் ரயில்தான். அங்கே சிக்கனமாகச் சுற்ற விரும்புபவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களின் கட்டண முறை. தூரத்துக்கு ஒரு கட்டணம், வேகத்துக்கு ஒரு கட்டணம் என்று அங்கே இரண்டு சீட்டுகள். முதல் சீட்டு ‘ஜோஷாக்கென்’, எந்த ரயிலில் ஏறினாலும் வேண்டும். இரண்டாவது ‘தொக்கியூக்கென்’, ஷிங்கன்சென் போன்ற விரைவு ரயிலில் ஏறினால் மட்டும். கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு 513.6 கி.மீ. தூரத்துக்கான கட்டணம் ஏறத்தாழ 8,400 யென். நொசோமி என்னும் மிக வேகமான ஷிங்கன்செனில் முன்பதிவு இருக்கையோடு போனால் மொத்தம் 14,000 யென்னுக்குச் சற்று மேல். இந்த இடைவெளி முழுக்க வேகத்துக்குக் கொடுக்கும் விலை. எந்தத் துண்டில் வேகத்துக்குக் காசு கொடுப்பது, எந்தத் துண்டில் கொடுக்காமல் விடுவது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயணம் திட்டமிட்டாயிற்று.

இங்கே தரும் கட்டணங்கள் 2025 நிலவரத்தை ஒட்டியவை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 100 யென்னைச் சுமார் 60 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போட்டால் கையைக் கடிக்காது.

ஏழு நாள் ஜேஆர் பாஸை வாங்காதீர்கள்

நாடு முழுக்கச் செல்லும் ஜேஆர் பாஸின் விலை 2023 அக்டோபரில் ஒரேயடியாக ஏறியது. 29,650 யென்னாக இருந்த ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆனது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, மறுபடி டோக்கியோ என்ற வழக்கமான சுற்றுக்கு ஷிங்கன்சென் சீட்டைத் தனித்தனியாக வாங்கினாலே 30,000 யென்னுக்குள் முடிந்துவிடும். பழைய பயணக் குறிப்புகளில் “பாஸ் வாங்கினால்தான் லாபம்” என்று இருந்தால், அது 2023க்கு முந்தைய கணக்கு. இந்தப் பாஸில் நொசோமி ரயிலேற வேண்டுமானால் தனிக் கட்டணமும் கட்ட வேண்டும். ஏழே நாளில் ஹிரோஷிமா, டோக்கியோ, வடக்கே செண்டாய் என்று ஓடுபவருக்கு வேண்டுமானால் அது கட்டுப்படியாகும். அப்படி ஓடினால் எந்த ஊரையும் பார்த்ததாக ஆகாது.

அதற்குப் பதிலாக வட்டாரப் பாஸ் ஒன்றும் நீண்ட தூரச் சீட்டு ஒன்றும் போதும். ஒசாகாவில் இறங்கி டோக்கியோவிலிருந்து திரும்பும்படி விமான டிக்கெட் எடுங்கள். டோக்கியோவில் இறங்கி அங்கிருந்தே திரும்பினால், ஒரு முறை 500 கி.மீ. வீணாகத் திரும்பி வர வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன்

இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்கள் சுற்றுலாவுக்கு மின்விசா வாங்கலாம். விண்ணப்பத்தை விசா மையம் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். விசா கிடைத்தால் கடவுச்சீட்டில் ஸ்டிக்கர் ஒட்டமாட்டார்கள். விமான நிலையத்தில் இணையத்தோடு இணைந்த போனில் விசா அறிவிப்பைத் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோ அச்சடித்த தாளோ செல்லாது. அதனால் போனில் சார்ஜும் இணையமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டுக்கும் விசா வேண்டும். மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்குக் குறுகிய காலச் சுற்றுலாவுக்குத் தேவையில்லை. ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் குடிவரவு, சுங்க விவரங்களை வீட்டிலேயே நிரப்பி க்யூஆர் குறியை எடுத்துவைத்தால் வரிசை குறையும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதில் நிறையப் பணம் மிச்சமாகும். மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை செர்ரிப் பூக்காலம், ஏப்ரல் 29 முதல் மே முதல் வாரம் வரை பொன் வாரம் என்னும் தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஓபோன் என்னும் முன்னோர் நினைவு விடுமுறை, பிறகு புத்தாண்டு. இந்த நாட்களில் ஹாஸ்டல் படுக்கை விலை இரட்டிப்பாகும். பூக்காலம் தவிர்த்த மற்ற மூன்று விடுமுறைகளிலும் நொசோமியில் எல்லாப் பெட்டிகளும் முன்பதிவுதான். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி வரை குளிர் அடித்தாலும் விலை இறங்கியிருக்கும், வானம் தெளிந்திருக்கும். சிக்கனப் பயணத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஜூனில் மழை, ஆகஸ்ட், செப்டம்பரில் புயல்.

பை ஒன்று போதும், 40 லிட்டருக்குள். டோக்கியோ–ஒசாகா இடையே ஓடும் டொக்காய்டோ ஷிங்கன்செனில் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டிக்கு அதற்கென உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள். முதுகுப்பைக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஐசி கார்டு: எதற்கு, எதற்கு இல்லை

நிலையக் கதவில் தட்டினால் கட்டணம் கழியும் கார்டுதான் ஐசி கார்டு. டோக்கியோவில் சுயிகா, பஸ்மோ. ஒசாகா பக்கம் இக்கோகா. பெயர்தான் வேறு, நகரங்களுக்குள் எதை எங்கே தட்டினாலும் வேலை செய்யும். ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் இக்கோகா 2,000 யென். அதில் 500 வைப்புத்தொகை, 1,500 பயன்படுத்தலாம். பணம் ஏற்ற ரொக்கம் வேண்டும். நிலைய இயந்திரத்திலோ கடைகளிலோ ஏற்றலாம். ரொக்கத்துக்கு செவன்-இலெவன் கடைகளில் உள்ள ஏடிஎம் நம்பகமானது. கிளம்பும் முன் உங்கள் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஐசி கார்டுக்கு வட்டார எல்லை இருக்கிறது. டோக்கியோவில் தட்டி உள்ளே போய், சாதாரண ரயிலிலேயே ஷிசுவோகா வரை வந்து வெளியே தட்டினால் கதவு திறக்காது. கார்டு இரண்டு வட்டாரங்களைத் தாண்டிவிட்டது என்பதுதான் காரணம். ஊழியரிடம் ரொக்கம் கட்டி, கார்டை விடுவிக்க ஒரு சான்றுத் தாளை வாங்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். நகருக்குள் கார்டு, நகரை விட்டு வெளியே போனால் காகிதச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நாள்: ஒசாகா, ஹிமேஜி, ஹிரோஷிமா, நாரா

மேற்கு ஜப்பான் ரயில் நிறுவனமான ஜேஆர் வெஸ்டின் ‘கன்சாய்–ஹிரோஷிமா’ பாஸ் ஐந்து நாளுக்கு 17,000 யென். ஒசாகாவின் ஷிங்கன்சென் நிலையமான ஷின்-ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமாவுக்கு ஒரு வழிக்கே 10,000 யென்னுக்கு மேல் ஆகும். போய்வந்தாலே பாஸ் காசு திரும்பிவிடும். அதற்கு மேல் விமான நிலைய ஹருகா ரயில், ஹிமேஜி, ஓகாயாமா, நாரா, கியோட்டோவுக்கு ஜேஆர் ரயில்கள், மியாஜிமா தீவுக்கு ஜேஆர் படகு எல்லாம் இதில் அடங்கும். ஷின்-ஒசாகாவுக்கு மேற்கே நொசோமியிலும் ஏறலாம்.

வாங்கும் முறை:

1. ஊரிலிருந்தே இணையத்தில் வாங்குங்கள். பாஸைப் பெற, குடிவரவில் தரும் குறுகிய கால வருகையாளர் என்ற அனுமதி கடவுச்சீட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். குடிவரவைத் தாண்டியதும் அது இருக்கிறதா என்று பாருங்கள்.
2. நிலையத்தின் பச்சை நிற டிக்கெட் இயந்திரத்தில் கடவுச்சீட்டை வைத்துப் பாஸைப் பெறுங்கள்.
3. பாஸ் நாட்கணக்கில் ஓடும், மணிக்கணக்கில் அல்ல. இரவு 9 மணிக்கு இறங்கினால் அன்றைக்குத் தொடங்காதீர்கள். ‘நான்கை’ (Nankai) என்னும் தனியார் ரயிலில் 970 யென்னுக்கு ஒசாகாவின் நம்பா வரை போய்ப் படுத்துவிட்டு, மறுநாள் காலை தொடங்குங்கள்.

ஒரே ஒரு கண்ணி: கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகாவுக்கும் இடையே ஓடும் ஷிங்கன்சென் வேறு நிறுவனத்துடையது. பாஸ் அங்கே செல்லாது. கியோட்டோவிலிருந்து ஹிரோஷிமா போகிறவர் முதலில் ‘ஷின்-காய்சொகு’ என்னும் சிறப்பு விரைவு ரயிலில் ஷின்-ஒசாகா வந்து, அங்கே மாறித்தான் ஏற வேண்டும்.

ஒசாகாவில் ஷின்-இமாமியா பகுதியில் தங்கினால் படுக்கை மலிவு. விமான நிலையத்திலிருந்து வரும் ‘நான்கை’ ரயிலும் ஜேஆர் வட்டப்பாதையும் அங்கேயே நிற்கும். அப்பகுதி ஒரு காலத்தில் தினக்கூலித் தொழிலாளர்கள் தங்கிய இடம். பார்வைக்குப் பழசாக இருக்கும், அவ்வளவே.

ஜேஆரில் விமான நிலையம் திரும்பிப் போகிறவர்களுக்கு ஒன்று: கன்சாய் விமான நிலைய விரைவு ரயில் ஹினேனோ நிலையத்தில் இரண்டாகப் பிரியும். 1 முதல் 4 வரையிலான பெட்டிகள் விமான நிலையம் போகும். 5 முதல் 8 வரை வகாயாமா போகும். தவறான பெட்டியில் உட்கார்ந்து விமானத்தைத் தவறவிடுபவர்கள் உண்டு.

ஹிரோஷிமாவில் இரண்டு இரவு தங்குங்கள், ஒன்று போதாது. அமைதி நினைவு அருங்காட்சியகத்துக்கு நுழைவு 200 யென்தான். உள்ளே அரை நாள் போகும், வெளியே வந்ததும் வேறெங்கும் போகத் தோன்றாது. அந்த நாளில் வேறு எதையும் திணிக்காமல் விடுங்கள். மறுநாள் மியாஜிமா. படகு பாஸில் அடங்கும், தீவுக்கான 100 யென் வரியை மட்டும் தனியாகக் கட்ட வேண்டும். ஹிமேஜிக் கோட்டையைப் போகும் வழியிலேயே முடித்துவிடலாம். ஷிங்கன்செனில் இறங்கி, பையை லாக்கரில் போட்டு, மூன்று மணி நேரத்தில் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடியுங்கள்.

நிலைய லாக்கர்கள் அளவைப் பொறுத்து 400 முதல் 800 யென் வரை ஆகும். பல இடங்களில் நள்ளிரவு தாண்டினால் இன்னொரு நாள் கணக்கு. கியோட்டோ நிலையத்தில் காலை 10 மணிக்கே நிரம்பிவிடும். தங்கும் ஹாஸ்டலிலேயே பையை விட்டுச் செல்வது இலவசம்; அறை காலி செய்த பிறகும் மாலை வரை வைத்திருப்பார்கள்.

கியோட்டோ: பேருந்தை விடுங்கள்

கியோட்டோவில் பேருந்து ஒருமுறைக்கு 230 யென். காசுக்குக் கேடில்லை, நேரத்துக்குத்தான் கேடு. கோயில் வழித்தடங்களில் கூட்டம் நெரியும். இனாரி கோயிலுக்கு ஜேஆர் நாரா பாதையில் ஐந்தே நிமிடம், 150 யென். ஆனால் ‘மியாகோஜி’ விரைவு ரயில் இனாரியில் நிற்காது. சாதாரண ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். அராஷியாமாவுக்கு ஜேஆர் சகானோ பாதை. கியோன் பக்கம் போகக் கெய்ஹான் ரயில்.

ஒசாகாவுக்கும் கியோட்டோவுக்கும் இடையே பாஸ் இல்லாமல் போகிறவர் ஹன்க்யூ என்னும் தனியார் ரயிலில் போகலாம். 410 யென், முக்கால் மணி நேரம். ஜேஆர் சிறப்பு விரைவு ரயில் அரை மணியில் கொண்டுசேர்க்கும், 580 யென். இரண்டிலும் வேகக் கட்டணம் இல்லை. ஹன்க்யூவில் ‘தொக்கியூ’ என்று எழுதியிருந்தாலும் தைரியமாக ஏறலாம், கூடுதல் காசு கிடையாது. அதே சொல் ஜேஆர் ரயிலிலோ கிண்டெட்சு ரயிலிலோ இருந்தால் கூடுதல் சீட்டு வேண்டும். ஜேஆரில் ‘ஃபுட்சூ’, ‘காய்சொகு’, ‘ஷின்-காய்சொகு’ ஆகிய மூன்றும் தூரக் கட்டணத்திலேயே போகும்.

கியோட்டோவில் படுக்கை கிடைக்காவிட்டால், அல்லது விலை எகிறினால், ஓட்சுவில் தேடுங்கள். கியோட்டோவிலிருந்து கிழக்கே ஜேஆரில் பத்து நிமிடம், 200 யென் அளவில் கட்டணம். பீவா ஏரிக்கரையில் அமைதியான ஊர். சனிக்கிழமை இரவு ஜப்பான் முழுக்க விலை ஏறும். அந்த இரவுக்கு ஓட்சுவோ நகோயாவோ வரும்படி நாட்களை அடுக்குங்கள்.

கியோட்டோவிலிருந்து டோக்கியோ: ஒரே சீட்டில் நான்கு நாள்

வெளிநாட்டுப் பயணிகளில் பலருக்கு இது தெரிவதில்லை. ஜேஆர் தூரச்சீட்டு 400 கி.மீ.க்கு மேல் 600 கி.மீ. வரை நான்கு நாட்களுக்குச் செல்லும். திரும்பிப் போகாமல் ஒரே திசையில் போனால் வழியில் எந்த ஊரிலும் இறங்கலாம், தங்கலாம், மறுநாள் அதே சீட்டில் தொடரலாம். கியோட்டோ–நகோயா, நகோயா–டோக்கியோ என்று பிரித்து வாங்கினால் 9,000 யென்னைத் தாண்டும். ஒரே சீட்டாக வாங்கினால் 8,400ஐ ஒட்டித்தான்.

எப்படிச் செய்வது:

1. டிக்கெட் கவுண்டரில் “கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை, சாதாரணப் பாதையில், தூரச்சீட்டு மட்டும்” என்று எழுதிக் காட்டுங்கள். ‘சாதாரணப் பாதை’ என்பதற்கு அங்கே ‘சாய்ராய்சென்’ என்பார்கள். இதைச் சொல்லாவிட்டால் ஷிங்கன்சென் பாதைக்குச் சீட்டுப் போட்டுவிட வாய்ப்புண்டு.
2. கியோட்டோவிலிருந்து சிறப்பு விரைவு ரயிலில் மைபாரா, ஒரு மணி நேரத்துக்குள். அங்கே மாறி ஓகாகி, மறுபடி மாறி நகோயா. மொத்தம் இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறைக் காலத்தில் மைபாராவிலும் ஓகாகியிலும் இருக்கை பிடிக்க ஓட்டமே நடக்கும். மாறும் நிலையத்தில் படிக்கட்டுக்கு அருகே இறங்கும் பெட்டியில் முன்கூட்டியே போய் நின்றுகொள்ளுங்கள்.
3. நகோயாவில் இறங்கும்போது சீட்டைக் கதவில் போட்டால் திரும்பி வரும். கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். தொலைத்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.
4. மறுநாள் டோயோஹாஷி, ஹமாமாட்சு, ஷிசுவோகா, அதாமி என்று மாறி மாறி டோக்கியோ. ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.
5. சீட்டு ‘டோக்கியோ மாநகர வட்டங்கள்’ என்ற எல்லை வரை செல்லும். படுக்கை உவேனோ பக்கம் என்றால் டோக்கியோ நிலையத்தில் வெளியேறாமல் மாறி, உவேனோவிலேயே இறங்குங்கள். கூடுதல் காசு இல்லை. எல்லைக்குள் ஒருமுறை வெளியேறினால் சீட்டு முடிந்தது.

இந்தப் பாதையில் அலுப்பான பகுதி ஷிசுவோகா மாநிலம். நீளவாக்கு பெஞ்சு இருக்கை, இரண்டரை மணி நேரத்துக்கு மேல். அங்கே மட்டும் வேகத்துக்குக் காசு கொடுங்கள். ஹமாமாட்சுவிலிருந்து ஷிசுவோகா வரை கொடாமாவில் (எல்லா நிலையங்களிலும் நிற்கும் ஷிங்கன்சென்) முன்பதிவில்லாத வேகச்சீட்டு 1,800 யென்னுக்குள். எழுபது நிமிடப் பயணம் அரை மணிக்குள் முடியும். தூரச்சீட்டையும் வேகச்சீட்டையும் சேர்த்தே கதவில் போட வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் கதவு மூடிக்கொள்ளும். மறுபக்கம் வெளிவரும் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதாமியில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். நிலையத்துக்கு எதிரிலேயே கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, இலவசம். துண்டு மட்டும் கொண்டுபோனால் போதும். நகோயாவில் காலையில் காபிக் கடைக்குப் போங்கள். ‘மார்னிங்’ என்று காபி விலைக்கே ரொட்டியும், பல கடைகளில் முட்டையும் சேர்த்துத் தருவார்கள்.

மொத்தப் பயணமே எட்டு நாளுக்குள் என்றால் இந்தச் சாதாரண ரயில் வழி வேண்டாம். ஒரு நாள் அதில் போய்விடும். அப்போது ‘புராட்டோ கொடாமா’ சலுகைச் சீட்டு ஏற்றது. ஏறத்தாழ 11,500 யென், மூன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல். முந்தைய நாளே வாங்க வேண்டும். குறித்த ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற முடியாது.

ஜேஆர் சாதாரண ரயில்களில் எத்தனை முறையும் ஏறவிடும் ‘செய்ஷுன் 18’ சீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2024 குளிர்காலத்திலிருந்து விதி மாறிவிட்டது. இப்போது தொடர்ந்து மூன்று நாளுக்கு 10,000, ஐந்து நாளுக்கு 12,050 யென். முன்போல விட்டு விட்டுப் பயன்படுத்தவோ நண்பரோடு பகிரவோ முடியாது. பள்ளி விடுமுறைப் பருவங்களில் மட்டும் கிடைக்கும். வழியில் கொடாமாவில் ஏற நினைத்தால் தூரக் கட்டணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். தினமும் பல மணி நேரம் ரயிலிலேயே இருக்க விரும்புபவருக்கு மட்டும் இது.

டோக்கியோ

அசகுசா, குராமயே, உவேனோ, மினாமி-செஞ்சு பகுதிகளில் பொதுப் படுக்கை 3,000 முதல் 4,500 யென்னுக்குள் கிடைக்கும். சுரங்க ரயிலுக்கு 72 மணி நேரச் சுற்றுலாச் சீட்டு 2,000 யென்னுக்குள். முதல் முறை போட்ட நிமிடத்திலிருந்து மணி ஓடும். மதியம் தொடங்கினால் நான்காம் நாள் மதியம் வரை செல்லும். ஜேஆர் யமனோத்தே பாதையில் இது செல்லாது. காலை ஏழரை முதல் ஒன்பது வரை பையோடு ரயிலேறாதீர்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், மறுபடி விடியற்காலை ஐந்து மணிக்குத்தான். தவறவிட்டால் டாக்சிக் கட்டணம் ஒரு படுக்கையின் விலையைத் தாண்டும். நரிதா விமான நிலையத்துக்கு உவேனோவிலிருந்து கெய்செய் சாதாரணப் பாதையில் 1,060 யென், ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

சாப்பாடு, குறிப்பாகச் சைவர்களுக்கு

அசைவம் சாப்பிடுபவருக்குக் கவலையில்லை. கியூடோன் கடையில் ஒரு கிண்ணம் 500 யென் அளவில் (அது மாட்டிறைச்சி என்பதை நினைவில் வையுங்கள்). உடோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) அதைவிடக் குறைவு. சூப்பர் மார்க்கெட்டில் இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாட்டுப் பொதிகளில் பாதி விலை ஸ்டிக்கர் ஒட்டுவார்கள்.

சைவருக்குச் சிக்கல் இறைச்சியில் இல்லை, ‘தாஷி’யில் இருக்கிறது. உலர்ந்த மீனிலிருந்து எடுக்கும் சாறு அது. காய்கறி உடோனிலும் மிசோ சூப்பிலும் இருக்கும். “நிக்குமோ சகானாமோ தாபேமசென்” என்றால் இறைச்சியும் மீனும் சாப்பிடமாட்டேன் என்று பொருள். ஆனால் தாஷியை மீன் என்று கடைக்காரர் நினைக்கமாட்டார், அதனால் “தாஷிமோ” என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கைக்கு எளிதானது சூப்பர் மார்க்கெட். சுடவைக்கும் சோற்றுப் பாக்கெட்டை மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் வைத்தால் தயார். கூட தோஃபு, தயிர், வாழைப்பழம். ஊரிலிருந்து பருப்புப் பொடி, புளியோதரைப் பொடி பாக்கெட் கொண்டுபோனால் ஹாஸ்டல் சமையலறையில் இரவுச் சாப்பாடு 300 யென்னில் முடிந்துவிடும். கறிவேப்பிலை, பழம், அரிசி ஆகியவற்றைப் பையில் வைக்காதீர்கள், தாவரச் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள். இறைச்சி சேர்ந்த எதுவும் கூடாது. நட்டோ (புளிக்கவைத்த சோயா) வாங்கினால் உள்ளே இருக்கும் சிறு சாஸ் பொட்டலத்தை ஒதுக்குங்கள், அதில் பெரும்பாலும் மீன் சாறு இருக்கும். டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய. மளிகையும் தென்னிந்திய உணவும் அங்கே கிடைக்கும்.

மொத்தம் எவ்வளவு

பன்னிரண்டு நாளுக்கு: படுக்கை நாளுக்கு 3,500, சாப்பாடு 2,000, நகருக்குள் போக்குவரத்து 1,000, நுழைவுக் கட்டணம், லாக்கர், துணி துவைத்தல் எல்லாம் சேர்த்து 1,500. ஆக நாளுக்கு 8,000; மொத்தம் 96,000 யென். ஊர் விட்டு ஊர் போக: பாஸ் 17,000, கியோட்டோ–டோக்கியோ 8,400, இடையில் கொடாமா 1,800, நரிதா 1,060. ஏறத்தாழ 28,300. கூட்டினால் 1,25,000 யென்னுக்குள், ரூபாயில் 75,000. விமானக் கட்டணமும் விசாவும் தனி. இதற்கு மேல் 15,000 யென் கையில் இருக்கட்டும்.

அந்த உபரி புயலுக்குத்தான் பெரும்பாலும் தேவைப்படும். புயல் வரும் என்றால் ரயில் நிறுவனங்கள் முந்தைய நாளே சேவை நிறுத்தத்தை அறிவித்துவிடும். நிறுத்தப்பட்ட ரயிலின் சீட்டுப் பணத்தைப் பிடித்தமில்லாமல் திருப்பித் தருவார்கள். கூடுதல் இரவுப் படுக்கைதான் உங்கள் செலவு. அறிவிப்பு வந்தவுடன், கவுண்டர் வரிசைக்குப் போகும் முன், படுக்கையை நீட்டித்துக்கொள்ளுங்கள். பணத்தைப் பிறகும் வாங்கலாம்.

கன்சாயில் வாங்கிய இக்கோகாவின் வைப்புத்தொகையை டோக்கியோவில் திருப்பித் தரமாட்டார்கள். கடைசி நாள் மீதியை விமான நிலையக் கடையில் செலவழித்துவிட்டு கார்டைப் பத்திரப்படுத்துங்கள். கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து ஆண்டு வரை அது செல்லும்.